இரண்டாவது திருட்டு போர்டு

என் வீட்டம்மாவின் காதைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். நான் கழிக்க மாட்டேன். அடுத்த தெருவில் ஒரு பூனை பால் குடிக்கலாமா என்று யோசித்தால்கூட இவள் எழுந்து போய் எங்கள் சமையலறைக் கதவைச் சாத்துவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளை மனசுக்குள் திட்டினேன். “என்ன சொன்னீங்க?” என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. அன்றோடு மனசுக்குள் திட்டுவதையும் விட்டுவிட்டேன்.

இந்தக் காதுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து ஒலியைக் கொடுக்கும் போர்டுகளைச் செய்கிற கம்பெனி. புதிதாகச் சேரும் இன்ஜினியர்களை முதலில் இவளிடம்தான் விடுவார்கள். எப்படி வரைவது, எந்தக் கம்பியை எதன் பக்கத்தில் ஓட்டக் கூடாது, செய்து முடித்ததை எப்படிச் சோதிப்பது, எல்லாம் இவள் லேபில்தான். வரும்போது பட்டத்தையும் வாயையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். போகும்போது காதைத் தீட்டிக்கொண்டு போவார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ராடார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவும் அவளுக்குக் கேட்டுவிட்டது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் அவளோடு லேபுக்குப் போவேன். இன்ஜினியர் அல்லாத ஒரு ஆளும் போர்டைக் கேட்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்படி வருகிறவனுக்கு ‘வெளிக்காது’ என்று பெயர். சம்பளம் கிடையாது, காபி உண்டு. அந்தக் கம்பெனியின் லாபத்தில் கால்வாசியை நான் காபியாகவே குடித்திருப்பேன்.

அவள் சொல்லிக்கொடுத்த சோதனை வேடிக்கையானது. சத்தத்தை அளக்கிற மெஷின் முதலில் தன் பங்குக்குத் திரையில் கோடு போட்டு முடிக்கும். பிறகு, சுவரெல்லாம் மெத்தை தைத்த ஒரு குட்டி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வால்யூமை முழுசாக ஏற்ற வேண்டும். பாட்டு ஓடாது, பேச்சு ஓடாது. போர்டு வெறுமனே இருக்கும். அந்த வெறுமையைக் கேட்க வேண்டும்.

“பாட்டை யார் வேணாலும் கேப்பாங்க. வேலையே இல்லாம உக்காந்திருக்கும்போது ஒரு போர்டு என்ன முணுமுணுக்குதுன்னு கேளுங்க. அப்பதான் அதோட லட்சணம் தெரியும்,” என்பாள். பிறகு என்னைக் கையால் காட்டுவாள். “வீட்டுல நான் தினமும் கேக்கறேன்.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

பயிற்சியின் கடைசி சனிக்கிழமை பரீட்சை. மேசையில் ஐந்து போர்டுகளை வைப்பாள். நான்கு நல்லவை. ஒன்றில் அவளே ஏதோ ஒரு கோளாறைச் செய்து ஒளித்து வைத்திருப்பாள். அதற்குப் பெயர் திருட்டு போர்டு. கண்டுபிடித்தவன் தேறினான், நல்ல போர்டைத் திருடன் என்று சொன்னவன் இன்னும் ஒரு மாதம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். பிள்ளைகளைச் சந்தேகப்பிராணிகளாக ஆக்குவதற்கென்றே அவள் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

இந்தத் தடவை ஐந்தாவது இடத்தில் அவள் வைத்தது சாதாரண போர்டு அல்ல. அந்த வாரம்தான் அவள் கேட்டு, சரி என்று கையெழுத்துப் போட்ட புது வகையின் மாதிரி. அவசர உதவிக்குப் போன் செய்தால் எடுத்துப் பேசுகிறார்களே, அந்த அறையின் கம்ப்யூட்டர்களுக்குப் போக வேண்டியது. மொத்தமும் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. திங்கள் மதியம் லாரி.

பிள்ளைகள் ஒவ்வொருவராக மெத்தை அறைக்குள் போய் வந்தார்கள். கடைசியாக நானும் போய், ஐந்தையும் கேட்டுவிட்டு, பெரிய நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர்களில் ஒருவன் அவசரக்குடுக்கை. பெயரைக் கேட்டால் பாதியைத்தான் சொல்வான், மீதியைச் சொல்வதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவான். அவன்தான் கையைத் தூக்கினான்.

“மேடம், மூணாவது திருட்டு! அடியில ம்ம்…னு ஒரு ஹம் இருக்கு. பூமிக் கம்பியை விட்டுட்டீங்க.”

“சரி,” என்றாள் இவள். “உக்காரு.”

“இருங்க மேடம், எங்களை அவ்வளவு முட்டாள்னு நினைச்சீங்களா? இந்தத் தடவை ரெண்டு திருடன்! அஞ்சாவதுலயும் ஒண்ணை வெச்சிருக்கீங்க. ரொம்ப மேல, ஊசி மாதிரி, கீ…ன்னு. கரன்ட்டை ஏத்தி இறக்குற சுருளை ஹெட்போன் லைன் பக்கத்துல நகத்திட்டீங்க, கரெக்டா?”

அவன் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். எதையும் தீர யோசித்துத்தான் வாயைத் திறப்பாள், அதனால் அவளுக்குப் பெயர் நிதானம். “எனக்கும் கேட்டுது மேடம்,” என்றாள் அவள். “நீங்க கையெழுத்துப் போட்ட போர்டுங்கறதால சொல்லத் தயங்கினோம். அப்புறம்தான் புரிஞ்சுது, உங்க கையெழுத்தைக்கூட நம்பறோமா இல்லையான்னு பாக்கறீங்கன்னு.”

லேபே கை தட்டியது. நானும் தட்டினேன். எனக்குத் தட்டுவதற்குக் காரணம் தேவையில்லை. “கேக்காம என்ன? ஆயிரம் கொசு சேர்ந்து கல்யாணம் பண்ற மாதிரி!” என்று எடுத்துவிட்டேன்.

“பரவாயில்லையே,” என்றாள் இவள். “எல்லாரும் தேறிட்டீங்க.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கிண்டல் செய்து ஒரு வழி பண்ணிவிடுவாள். மேசையில் இருந்த என் காபியை எடுத்துக் குடித்தாள். அதில் நான்கு கரண்டி சர்க்கரை. சர்க்கரை போட்ட காபியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவள், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினாள். என் கை தட்டுவதை நிறுத்தியது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னாள். “நான் அஞ்சாவதுல ஒண்ணும் வைக்கல.”

“தெரியும்.”

“உங்களுக்கு நிஜமாவே கேட்டுச்சா?”

“எனக்கா?”

“கொசு, கல்யாணம்னீங்களே.”

“எனக்கு ஒரு மண்ணும் கேக்கலம்மா. பசங்க தட்டினாங்க, நானும் தட்டினேன்.”

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “காலமெல்லாம் பொய்யா அளந்தீங்க. இன்னிக்கு ஒரு நாள் நிஜமா இருந்திருக்கக் கூடாதா?” என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

“பசங்களுக்குப் பிரமையா இருக்கும்,” என்றேன்.

“எல்லாருக்கும் ஒரே பிரமையா?”

“அப்ப மெஷின் என்ன பண்ணுச்சு? அதுக்குத் தெரிஞ்சிருக்கணுமே.”

சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். “மெஷினுக்கு நான்தான் கடிவாளம் போட்டேன். சத்தம் அவ்வளவு கீச்சுன்னு மேல போனா அது சும்மா சும்மா பொய்யா அலறும். அதனால ஒரு அளவுக்கு மேல இருக்கிற சத்தத்தை எண்ணாதேன்னு ஃபில்டர் போட்டு வெச்சேன். அதுக்கு மேலதான் என் காது இருக்கேன்னு.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த உயரத்துக்குக் காவல் அவள் காது மட்டும்தான். காவல்காரன் எப்போது தூங்கினான் என்று காவல்காரனுக்கே தெரியவில்லை.

வாரியத்தில் நான் குழாய் வெடிப்புகளை மூடி மறைப்பதில் மகா நிபுணன் என்பதை இங்கே அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன். “இதுக்கு ஏன் மனசைக் கலைச்சுக்கறே? பசங்க ஏதோ சொன்னாங்க, எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்னு லாரியை நிறுத்து. சுருளை நகத்து. முடிஞ்சுது. உன் காதைப் பத்தி யாரு கேக்கப்போறா?”

“அடுத்த போர்டை யார் கேப்பா?”

“நீதான்.”

“அதான் சொல்றேன்,” என்றாள். “அந்த அவசர உதவி அறையில ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஷிஃப்ட் முழுக்க உக்காந்திருக்கறதெல்லாம் சின்னப் பசங்க. காதுக்குள்ள நாள் பூரா ஊசி. ஒரு நாள் தலைவலி தாங்காம ஒருத்தன் வால்யூமைக் குறைப்பான். அந்த நேரம் பாத்து போன்ல யாரோ மூச்சு வாங்கிக்கிட்டே பேசுவாங்க.”

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

“நான் சொன்னா லேபை விட்டு அனுப்பிடுவாங்கங்க. காது போன ராடாரை வெச்சுக்கிட்டு என்ன செய்வாங்க? வீட்டுல உக்காந்து உங்க கதையைத்தான் கேக்கணும்.”

“அது அவ்வளவு பெரிய தண்டனையா?”

“அதுக்குக்கூடக் காது வேணுமே,” என்றாள்.

திங்கள் காலை, சனிக்கிழமை இல்லாவிட்டாலும் நானும் கூடவே போனேன். லேபில் யாரும் வந்திருக்கவில்லை. ஐந்தாவது போர்டை மெஷினில் மாட்டினாள். அவளே போட்ட ஃபில்டரை அவளே எடுத்தாள். திரையில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்த கோடு வலது கோடியில் சட்டென்று எழுந்து நின்றது. வயல் நடுவில் ஒற்றைத் தென்னை மாதிரி. எனக்குக்கூடத் தெரிந்தது. பார்ப்பதற்குத்தான், கேட்பதற்கு அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமே இல்லை.

அனுப்பும் பிரிவுக்குப் போன் செய்து, “லாரியில ஏத்தாதீங்க. நான்தான் சொல்றேன். காரணம் மேனேஜர்கிட்ட நேர்ல சொல்றேன்,” என்றாள்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். அஞ்சாவது போர்டில் நான் எதையும் ஒளிக்கவில்லை, அந்த ஊசிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன், என்று.

அவசரக்குடுக்கை விழுந்து விழுந்து சிரித்தான்.

“மேடம், போதும் மேடம்! பரீட்சை முடிஞ்சும் விட மாட்டேங்கறீங்களே. இப்ப நாங்க, ஐயோ பாவம்னு நம்பணும், அப்புறம் நீங்க ஃபெயில் போடணும். நடக்காது!”

மற்றவர்களும் சிரித்தார்கள். சந்தேகப்படுவதை அவள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் நடுவில் புகுந்து, “நிஜம்தாம்பா,” என்றேன். அவ்வளவுதான், சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான் ஒன்றைச் சத்தியம் செய்தால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

இவள் மெத்தை அறைக்குப் போய்க் கதவைத் திறந்தே வைத்து, திரைக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். “நிதானம், நீ மெஷின்ல ஒலியை மாத்துற குமிழைத் திருகு. கீழேர்ந்து மேல போ. ஒவ்வொண்ணுக்கும் கேட்டா நான் கையைத் தூக்கறேன். மத்தவங்க திரையைப் பாருங்க.”

நான் அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் முகமும் தெரிந்தது, அவள் தோளுக்குப் பின்னால் திரையும் தெரிந்தது.

கீழ் ஒலிகளுக்கு அவள் கை டக் டக்கென்று எழுந்தது. பிள்ளைகள் விளையாட்டு பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நிதானம் மேலே மேலே போனாள். ஓரிடத்தில் கை கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அடுத்ததற்கு இன்னும் தாமதம். அதற்கடுத்ததற்குக் கை மடியிலேயே இருந்தது.

“மேடம் சூப்பரா நடிக்கிறாங்க,” என்றான் அவசரக்குடுக்கை. ஆனால் சத்தம் குறைவாக.

நிதானம் இன்னும் ஒரு படி ஏற்றினாள். திரையில் கோடு எழுந்து நின்றது. கை எழவில்லை. இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். என் செருப்பு முனையால் தரையில் மெல்ல ஒரு தட்டு. பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் விடை சொல்வானே, அந்த மாதிரி. இப்போது தூக்கு என்று.

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒலி எவ்வளவு மேலே போயிற்று, எத்தனை தடவை கோடு எழுந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் கை மடியில் கிடந்தது. சிரிப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் நிதானம் குமிழிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலி மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவளையும் என்னையும் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் அது ஹெட்போனிலிருந்து கசிந்து கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளே கழற்றினாள். “எங்க நின்னேன்?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“அளவைச் சொல்லுங்கப்பா. மூஞ்சியை அப்புறம் தொங்கப் போடலாம்.”

நிதானம் சொன்னாள். ஐந்தாவது போர்டின் ஊசி அந்த அளவுக்கு வெகு மேலே இருந்தது.

“சரி. நான் பாஸ் போட்ட எல்லா வகைக்கும் ஒவ்வொரு மாதிரி அந்த அலமாரியில இருக்கு,” என்று சாவியை மேசையில் வைத்தாள். “புதுசுலேர்ந்து பழசுக்குப் போங்க. ரெண்டு பேர் கேட்டு ரெண்டு பேரும் ஒத்துக்கணும். நல்லது வலது பக்கம், மோசமானது இடது பக்கம். எந்த போர்டுலேர்ந்து எனக்குக் கேக்காமப் போக ஆரம்பிச்சுதுன்னு தெரியணும். ஃபில்டரை யாரும் திரும்பப் போடாதீங்க.”

“மேடம், நீங்க?” என்றான் அவசரக்குடுக்கை. எழுந்து நின்றிருந்தான். அவன் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

“மேனேஜரைப் பாக்கணும்.”

மேனேஜர் அறை கண்ணாடி. கதவு மூடிக்கொண்டது. அவள் பேசுவது தெரிந்தது; அவர் எழுந்ததும், மறுபடி உட்கார்ந்ததும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

“சார், என்ன சொல்றாரு?” என்று அவசரக்குடுக்கை என் காதருகே கேட்டான்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு நாடகத்தையே எழுதி இருவர் குரலிலும் நடித்துக் காட்டுகிறவன் நான்.

“தெரியலப்பா,” என்றேன்.

அலமாரியிலிருந்து போர்டுகளை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் கையெழுத்து, சின்னதாக. நிதானம் கேட்பாள், பிறகு அவன் கேட்பான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முதலாவது வலது பக்கம் போயிற்று; நான் மூச்சு விட்டேன். இரண்டாவதும் வலது பக்கம். மூன்றாவதை நிதானம் நெடுநேரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம்கூட உட்காரவில்லை.

இரண்டு பேரும் போர்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்கள். நானே அதை எடுத்து இடது பக்கம் வைத்தேன்; பிறகு அடுத்ததை எடுக்க அலமாரிக்குப் போனேன்.