கன்னத்தில் ஒரு கை

அடிக்கிறதுன்னா சீக்கிரம் அடிச்சுட்டுப் போப்பா, உள்ளே ஒருத்தருக்கு மூச்சு வாங்குது என்றுதான் அந்த நர்ஸ் மனதுக்குள் நினைத்தாள். அவசரப் பிரிவில் தகப்பனைப் பறிகொடுத்த லாரி டிரைவர் ஓங்கி அறைந்தான். அறைந்த கை திரும்பிப் போகவில்லை. மணிக்கட்டோடு கழன்று அவள் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது. ரத்தம் வராததால், வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் டிரைவருக்கே தெரிந்தது.

அந்த ஆண்டு அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. வார்டு பாயின் பிடரியில் ஒரு கை, பயிற்சி டாக்டரின் தலைமுடியைப் பற்றியபடி ஒன்று, வாசல் செக்யூரிட்டியின் கழுத்தை நெரித்தபடி இரண்டு. ஊழியர்கள் அவற்றோடேயே வேலை பார்த்தார்கள். லீவு கூடிவிட்டது, யாருக்கும் வேலையில் பிடிப்பில்லை என்று கண்காணிப்பாளர் ஊக்கப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்தார். அவர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஒட்டியிருந்த கைகளும் சேர்ந்து தட்டியதில் பலருக்கு முகம் வீங்கியது.

அடிபட்டவர் தன் வாயால் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் கை உதிர்ந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வார்த்தையை முதலில் சொன்னவர் செக்யூரிட்டிதான். உதிர்ந்த இரண்டையும் உரியவனின் மச்சான் துணிப்பையில் போட்டு எடுத்துப்போனான். உரியவனின் மணிக்கட்டில் வைத்ததும் அவை ஒட்டிக்கொண்டன; அடுத்த மாதமே அதே கைகள் வந்து செக்யூரிட்டியின் முன்பற்களை உடைத்தன. அவர் வேலையை விட்டுவிட்டார்.

நர்ஸ் விடவில்லை. முன்பெல்லாம் ஷிப்டுக்கு அரை மணி முன்னதாகவே வந்து ஒவ்வொரு கட்டிலாக விசாரிப்பவள், இப்போது நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனாள். பேச்சாளரும் வேண்டாம், பரிசும் வேண்டாம், அடித்தது தப்பென்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றும். ஒருவரும் சொல்லவில்லை.

ஒருநாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். அறையில் டிரைவர் நின்றிருந்தான். ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை, வண்டியை யாரும் நம்பித் தருவதில்லை என்றான். பிறகு, “அன்னிக்கு நீங்க கொஞ்சம் வேகமா ஓடி வந்திருந்தா நான் ஏன் சிஸ்டர் அடிக்கப்போறேன்?” என்றான். கன்னத்திலிருந்த விரல்கள் லேசாக இறுகுவதை அவள் உணர்ந்தாள்.

“ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிடு,” என்றார் கண்காணிப்பாளர்.

“என் வாயில அது வராது சார்,” என்றாள்.

வெளியே வந்து குழாயைத் திறந்தாள். தன் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவி, மூன்றாவதையும் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, வார்டுக்குள் போனாள்.