இரண்டு விரல் சரிவு

மகள் மூன்றாவது முறையாக நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்தாள். கூரை விளிம்பில் மாட்டியிருந்த தகர வாய்க்கால் நிரம்பி, மழைத் தண்ணீர் சரியாக வாசற்படியின் நடுவில் கொட்டிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் குடையை மடக்குவதற்குள் தோள் நனைந்துதான் உள்ளே நுழைந்தார்கள். கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அம்மா எழுந்து வந்தாள். படியில் நிரம்பி வழிந்த வாளியைக் கவிழ்த்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வைத்தாள். எட்டு மாதமாக அது அப்பாவின் வேலை.

நான்கு மணிக்கு வண்டி வரும். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல்.

"இந்தத் தண்ணிக்குள்ளயா மாமா அப்பாவைத் தூக்கிட்டுப் போறது?"

"குடை பிடிச்சுக்கலாம்மா."

"புதுசா மாட்டினது மாமா இது. பழசே தேவலாம்."

"மச்சான் தேடிப் பிடிச்ச ஆளாச்சே. நாளைக்காரரு!" என்ற மாமா, கூடத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெயரை வைத்ததே அப்பாதான். தகர வேலை செய்பவர் எப்போது வருவார் என்று மகள் கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு வர்றாராம்" என்பார் அப்பா. அவள் வேலை பார்க்கும் ஊரிலிருந்தே போனில் அந்த மனிதரைப் பிடித்துக் கிழித்திருக்கிறாள். அவர் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. ஏமாற்றுக்காரர் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. "யாரு பல்லைக் காட்டினாலும் நம்பிடுவீங்க. காலம் பூரா நிலத்தை அளந்தீங்க, ஒரு ஆளை அளக்கத் தெரியல."

"சரிம்மா. நீ எப்ப வர்றே?" என்றார் அப்பா.

அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இரண்டரை மணிக்கு நாளைக்காரர் வந்தார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஈரச் சட்டையோடு அப்பாவின் கால்மாட்டில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பியவரை மகள் வாசலில் மறித்தாள்.

"மேல பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க வேலை."

அவர் பார்த்தார். "ஏணி வண்டியிலதான் இருக்கு. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுறேன்."

"ஒரு மணி நேர வேலையா? அதுக்கா எட்டு மாசம்?"

அவர் மழையில் இறங்கினார். அவளும் குடையில்லாமல் பின்னாலேயே போனாள்.

"இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுன்னுட்டாரும்மா."

"யாரு?"

அவர் வீட்டைப் பார்த்தார்.

"முதல்ல சரிவோடதான் மாட்டினேன். மூலைக் குழாய்ப் பக்கம் ரெண்டு விரல் இறக்கி. அப்பதான் தண்ணி ஓடும். ஐயாவே மட்டம் வச்சுப் பாத்துட்டு சரின்னாரு. அப்புறம் நீங்க வந்துட்டுப் போனீங்க. மறுநாளே கூப்பிட்டு, நேராக்கிடுன்னாரு. தண்ணி நிக்கும் ஐயான்னேன். 'எனக்குத் தெரியாதா, நீ நேராக்கு'ன்னுட்டாரு."

அவளுக்கு நினைவு வந்தது. பையோடு இறங்கும்போதே நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருந்தாள். 'ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர் வீட்டு நெத்தியிலயே கோணலாப்பா?' அப்பாவும் கூடச் சிரித்தார்.

"முதல் மழையிலேயே நிரம்பிடுச்சு. மறுபடி சாய்க்க நாலு தடவை வந்தேன். 'அவ ஒரு தடவை வந்து நேரா இருக்கறதைப் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் சாய்ச்சுக்கலாம், நாளைக்கு வா'ன்னு திருப்பி அனுப்பிடுவாரு." ஏணியைத் தோளில் ஏற்றினார். "நானும் தலையாட்டியிருக்கக் கூடாது. மாட்டினது என் கைதானே. அது என் தப்புதான்."



"ரெண்டு பேரு ஏணியைப் பிடிங்கப்பா," என்று மாமா உள்ளே குரல் கொடுத்தார். யாரும் வருவதற்குள் அவளே பிடித்துக்கொண்டாள். மேலே அவர் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த, தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரும் அழுகிய இலைகளும் அவள் தலையில் விழுந்தன. அவள் நகரவில்லை.

"ரெண்டு விரல் இறக்கிட்டேன். கீழேருந்து பாத்தா கோணலாத்தான் தெரியும். பரவாயில்லையாம்மா?"

தெருவுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். பையோடு இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"தெரியட்டும்," என்றாள்.

நான்கு மணிக்கு அப்பாவை வெளியே கொண்டுவந்தபோதும் மழை விட்டிருக்கவில்லை. மூலைக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. சுமந்தவர்கள் படியைத் தாண்டினார்கள். வாய்க்காலிலிருந்து ஒருவர் தோளிலும் சொட்டு விழவில்லை.

அவர்கள் இறங்கியதும், வழிக்காக நகர்த்தியிருந்த வாளியை மறுபடி படியில் வைக்க அம்மா குனிந்தாள். பிறகு மேலே பார்த்தாள். வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.