ஒருவர் நீங்கலாக

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை அன்னதான சபையின் தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்ற சொல் மட்டும் எப்போதும் தடித்த எழுத்தில் இருக்கும். 1906-இல் எழுத்தர் சுந்தரம் அதை எழுதப் போனபோதுதான் வண்டிக்காரன் மருதப்பன் வலக்கையைத் தூக்கினான். சாக்கடை கூட்டும் முனிசிபல் கூலிகளுக்குப் பந்தியில் இடமில்லை, பின்னாலிருக்கும் மாட்டுக் கொட்டகையில் இலை போடலாம் என்பது தீர்மானம்.

"நான் ஒத்துக்கலைங்க. அதை எழுதுங்க."

"பதினெட்டுப் பேர்ல ஒரு கை!" தலைவர் இராமசாமி சிரித்தார். "நீ கொசு அடிக்கத் தூக்குறேன்னு நெனச்சேன்."

சபையே சிரித்தது. சுந்தரம் 'ஏகமனதாக' என்றே எழுதினார். தன் பெயர்கூட வேண்டியதில்லை, அந்தச் சொல் பொய் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தால் போதும் என்றுதான் மருதப்பன் நினைத்திருந்தான்.

மறுநாள் பட்டப்பகலில் தலைவரின் ஆட்கள் மூவர் தேக்கா சந்தையருகே அவன் வண்டியை மறித்தார்கள்.

"எந்தக் கைடா தூக்கினே?"

பொய் சொல்ல வராமல் வலக்கையையே தூக்கிக் காட்டினான். அதைச் சக்கரத்துக்குள் செருகிவிட்டு மாட்டை அடித்து ஓட்டினார்கள்.

தோள் பிறகு கூடவில்லை. அந்த ஆண்டு அன்னதானத்தன்று அவன் கொட்டகைக்குப் போய், சாணி வாடையில் கூலிகளோடு உட்கார்ந்து இடக்கையால் உண்டான். மறு ஆண்டு மனைவி தங்கமும் வந்தாள். அதற்கடுத்த ஆண்டு, அவனை மறித்த மூவரில் ஒருவன் வந்து எதிரே உட்கார்ந்தான். பாதிச் சோற்றில் எழுந்து போனான். ஆனால் அடுத்த ஆண்டும் வந்தான். பன்னிரண்டாம் ஆண்டில் கொட்டகை நிறைந்து வழிந்தது. பந்தியில் பாதி இலைகளில் ஈதான் மொய்த்தது.

சபை கூடியது.

"இனிமே எல்லாருக்கும் ஒரே பந்தி. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் இராமசாமி, அன்று காலை தமக்கே தோன்றிய யோசனை போல.

பதினேழு வலக்கைகள் எழுந்தன. மருதப்பன் இடக்கையைத் தூக்கினான்.

"பீச்சாங்கையையா தூக்குறே? சாமி காரியம்டா இது. செல்லாது."

"வலது கை எழாதுங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்கென்னப்பா தெரியும்? சம்மதம்னா அந்தக் கையைத் தூக்கு. இல்லேன்னா எதிர்க்கிறேன்னு அர்த்தம். சுந்தரம், எழுதிக்குங்க. அன்னைக்கே எழுதச் சொல்லிக் கேட்டவன்தானே!"

மருதப்பன் வலது முழங்கையை இடக்கையால் தாங்கி உயர்த்தினான். மார்பு வரை வந்து சரிந்தது. சுந்தரத்தின் பேனா கீச்சிட்டது: ஒருவர் நீங்கலாக.

அன்னதானத்தன்று கூலிகள் பந்தியில் அமர்ந்தார்கள். இடக்கையால் உண்பவனுக்கு அங்கே இலை கிடையாது என்று மருதப்பனை மட்டும் வாசலில் தடுத்தார்கள். இராமசாமி தீர்மானத்தை உரக்க வாசித்தார். போன வாரம்தான் கப்பலில் வந்திறங்கிய ஒரு கூலி பக்கத்து இலைக்காரனிடம் கேட்டான்:

"யாருண்ணே அந்த ஒருத்தன், நம்மள வேணாம்னு சொன்னவன்?"

பன்னிரண்டு ஆண்டுகள் மருதப்பனோடு உண்டவன் அவன். குனிந்து இலையில் தண்ணீர் தெளித்தான்.

"பின்னால கொட்டகையில இருப்பான். நீ சாப்பிடு."