பல்லு முளைக்கட்டும்

எங்கள் வீட்டுக் கதவுக்கு அறுநூறு வயது என்கிறார்கள். இருக்கலாம். அதன் லட்சணம் தினமும் திறந்து மூடுகிற எனக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், தோள் கொடுத்துத் தள்ளினால்தான் அசையும். ஓர் ஆணி துருப்பிடித்து விழுந்தால்கூட நாமாக இன்னொன்றை அடித்துவிட முடியாது. தொல்பொருள் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் உலகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசை.

பழைய நகரத்துக்குள் குடியிருந்தால் இப்படித்தான். கோட்டை வாசலிலிருந்து மணிக்கூண்டுக்குப் போகிற சந்தில் எங்கள் வீடு. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் செருப்புச் சத்தம் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் வெயில் சாயும்வரை ஓயாது. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து நாற்பத்தொரு படி ஏறி வருகிறவரை நிறுத்திப் படம் பிடிப்பார்கள், பாவம், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். ஜன்னலில் துணி காயப்போட்டால் நகரத்தின் அழகு கெடுகிறது என்று அலுவலகத்திலிருந்து ஆள் வரும். அதே துணியை அழகு என்று படமெடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரும். நான் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு. முழங்கை வரை சோப்பு நுரையோடு வெளியே தலையை நீட்டினால் எதிரே நாலு கேமரா நிற்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நாங்கள் என்ன மிருகக்காட்சிசாலையா?

என் வீட்டுக்காரர் பிழைப்பே அவர்களால்தான். அவர் கைடு. கூட்டம் சிதறிவிடாமல் இருக்க ஒரு சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். எங்கள் வாசலுக்கு வந்ததும் நிற்பார். "இந்தச் சுவருக்கு எண்ணூறு வயசு. என் வீட்டம்மாவோட கோபம் அதைவிடப் பழசு. ரெண்டையும் தொட்டுடாதீங்க." இதை மூன்று மொழிகளில் சொல்வார். மூன்று முறை சிரிப்பு கேட்கும். விரிப்பைப் பிழிந்துகொண்டு உள்ளே இருக்கும் எனக்கு அந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. ஆனால் சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்று தெரியும்.

எங்கள் மகளுக்கு அந்தக் கூட்டம் என்றால் உயிர். ஆறரை வயது. அப்பா சொல்வதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம், அதனால் சந்தில் எல்லாருக்கும் அவள் குட்டி கைடு. முன்பல் இரண்டும் விழுந்திருந்த நேரம் அது. 'சுவர்' என்று வாயில் வராது. "இந்தத் துவருக்கு எண்ணூறு வயது" என்பாள். "பாத்தியா, நாமெல்லாம் வயசுன்னு சொல்றோம். என் பொண்ணு வயதுன்னு சுத்தமா சொல்றா" என்று அவர் பெருமை அடித்துக்கொள்வார்.

யாராவது கேமராவைத் தூக்கிவிட்டால் போதும். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கதவில் சாய்ந்து, நின்றுவிடுவாள். நான் உள்ளேயிருந்து ஓடிவந்து கையை நீட்டி மறைப்பேன். "போறவங்க வர்றவங்கல்லாம் புடிச்சுட்டுப் போக என் பொண்ணு என்ன பொம்மையா?" என்று கத்துவேன். அவர்களுக்குப் புரியாது என்றாலும் கத்துவேன். அவர்கள் போன பிறகு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"எடுத்தா என்னம்மா? நான் கரைஞ்சா போயிடுவேன்?"

எங்களிடம் கேமரா கிடையாது. கையில் இருக்கிற போனிலேயே படம் எடுக்கும் காலத்துக்கு முந்தைய கதை இது. ஸ்டூடியோ கோட்டை வாசலுக்கு வெளியே இருந்தது, நடந்தால் பத்து நிமிஷம். ஒரு வருஷம் கிளம்பும்போது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வருஷம் படியில் விழுந்து நெற்றியில் காயம். அப்புறம் பல். அவர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். நான்தான் தடுத்தேன். "பல்லு முளைக்கட்டும். பொக்கை வாயோட எடுத்து வெச்சா நாளைக்கு அவளே நம்மளைத் திட்டுவா." என் பெண்ணின் முகம் ஒரு குறையும் இல்லாமல் படத்தில் விழவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பல் முளைப்பதற்குள் காய்ச்சல் வந்தது. எங்கள் சந்துக்குள் எந்த வண்டியும் நுழையாது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை வாசலுக்கு ஓடினார். கூட்டத்தை விலக்குவதற்காகச் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடியவள் நான். வழிவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் பட்டதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எட்டு மாதம் போனபின் ஒரு நாள் விரிப்பை அலசிக்கொண்டிருந்தபோது அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. பல் விழுந்த அந்த ஓட்டை வந்தது. காதோரம் பறக்கிற முடி வந்தது. மூக்கு எப்படி இருக்கும்? மூக்கு யாருடைய மூக்கோ போல வந்தது. பெற்றவளுக்குப் பிள்ளையின் முகம் மறந்துபோகுமா என்று கேட்காதீர்கள். மறந்துபோகும். நான் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன்.

அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் குடையின் கம்பியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"நம்மகிட்டதான் படம் இல்ல. அவங்ககிட்ட இருக்குமே" என்றார்.

மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் நின்று அவர் சொல்கிற பாடம் மாறிவிட்டது. என் கோபத்தைப் பற்றிய வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டார். அதற்குப் பதில், "இந்தக் கதவுக்கு முன்னால எங்க பொண்ணு நிப்பா. மஞ்சள் கவுன், முன்பல் ரெண்டும் இருக்காது, இடுப்புல கை வெச்சிருப்பா. உங்க சொந்தக்காரங்க, சிநேகிதங்க யாராவது போன வருஷம் இங்க வந்திருந்தா, அவங்க எடுத்த படத்துல அவ இருக்காளான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு, கைடு ஆபீஸ் முகவரி எழுதிய சீட்டை ஆளுக்கு ஒன்று கொடுப்பார். இதற்காகவே நாலாவதாக இன்னொரு மொழியும் கற்றுக்கொண்டார். உள்ளே இருக்கும் எனக்கு வார்த்தை புரியாது. குரல் இறங்குவதை வைத்துத் தெரிந்துகொள்வேன், இப்போது மஞ்சள் கவுன், இப்போது பல். கடைசியில் சிரிப்பு வராது.

ஆபீஸில் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷமாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏன் அழவைக்கிறாய் என்று கேட்டார்களாம். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்து அடுத்த கூட்டத்திடமும் கேட்டார். சாயங்காலம் குடையை மூலையில் சாய்த்ததும் நான் கேட்பேன், "ஏதாவது வந்துச்சா?" அவர், "இன்னும் வரல" என்பார். இரண்டு வருஷம் இது நடந்தது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, குடை வந்தது, கூட்டம் நின்றது, அவர் சுவரைப் பற்றிச் சொன்னார், கதவைப் பற்றிச் சொன்னார். குரல் இறங்கவில்லை. கூட்டம் நகர்ந்து மணிக்கூண்டுப் பக்கம் போய்விட்டது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை நான் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கதவில் காதை வைத்தே நின்றேன். மஞ்சள் கவுனும் இல்லை, பல்லும் இல்லை.

அன்று சாயங்காலம் அவரைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் வரல."

"அப்புறம் ஏன் மூணு நாளா கேக்கல? உங்களுக்கு அலுத்துப் போச்சா? இல்ல, கெடைச்சிடுச்சா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பெண்ணை என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார், தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினேன். அவர் வேலைக்கு எடுத்துப்போகும் தோள்பையைப் பிடுங்கினேன். அவர் அதன் வாரை விடவில்லை.

"வேணாம்மா. சொன்னா கேளு."

"அவ என் பொண்ணு."

"தெரியும். படம் வந்திருக்கு. ஆனா அதுல அவ இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் வாரை விட்டுவிட்டார். ஒரு தடித்த உறை, மேலே வெளிநாட்டுத் தபால்தலை. உள்ளே ஒரு கடிதமும் அஞ்சலட்டை அளவில் ஒரு படமும் இருந்தன.

எங்கள் கதவு. ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கதவில் சாய்ந்து மஞ்சள் கவுன். இடுப்பில் ஊன்றிய கை, முழங்கையில் அதற்கு முந்தின வாரத்துச் சிராய்ப்பு. இரண்டு கால், ஒன்றில்தான் செருப்பு. கழுத்துக்கு மேலே ஒரு கை. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஓர் இடம் விடாமல் மறைத்துக்கொண்டு, ஐந்து விரலும் விரித்து, மணிக்கட்டில் சோப்பு நுரையோடு, என் கை. அந்தக் கைக்குப் பின்னால் ஓரத்தில் என் முகம். என் முகம் ரொம்ப நன்றாக விழுந்திருந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு.

நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் முகம் இவ்வளவு சின்னதா? ஒரு கைக்குள் அடங்கிவிட்டதே.

"லெட்டர்ல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் படிக்காமலே சொன்னார். மூன்று நாளில் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். "மன்னிச்சுக்குங்க, ஒரே ஒரு படம்தான் எடுத்தோம், அம்மாவுக்குப் புடிக்கலன்னு நிறுத்திட்டோம்னு எழுதியிருக்காங்க. கொழந்தை அந்தக் கைக்குப் பின்னால சிரிச்சுக்கிட்டே இருந்தாளாம். என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாளாம், அவங்களுக்குப் புரியலயாம்."

என்ன சொல்லியிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். இந்தத் துவருக்கு எண்ணூறு வயது. அவர் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னை யாராவது நாலு வார்த்தை திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அந்த மனுஷன் திட்டவில்லை. முகம் இருந்தால் வாழ்நாள் முழுக்க வைத்துப் பார்த்திருப்பேன். கைதான் மிச்சம். இதைக் காட்டக்கூடாது என்றுதான் மூன்று நாள் பொய் சொல்லியிருக்கிறார். நான் அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசிவிட்டேன்.

"இதுக்கப்புறமும் கேக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "வர்ற படத்துல எல்லாம் உன் கை இருந்தா?"

நான் யோசித்துப் பார்த்தேன். எல்லாத் தடவையும் நான் சரியான நேரத்துக்கு வந்திருப்பேனா? சில நாள் குழாயடியில் தாமதமாகியிருக்கும். சில நாள் விரிப்பை விட முடியாமல் உள்ளேயே கத்தியிருப்பேன். ஒருத்தராவது நான் வருவதற்குள் எடுத்திருப்பார். எனக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

"நீங்க தப்பா கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றேன். "மஞ்சள் கவுன் ஆயிரம் கொழந்தைங்க போட்டிருக்கும். அது யாருக்கு ஞாபகம் இருக்கும்? கத்தின பொம்பளைய யாரும் மறக்க மாட்டாங்க. நாளைக்கு நானும் வந்து நிக்கிறேன்."

மறுநாள் பதினோரு மணிக்குச் சிவப்புக் குடை சந்துக்குள் திரும்பியபோது நான் வாசலில் இருந்தேன். அதே மாதிரி இருக்கட்டும் என்று கையை நுரையோடேயே வைத்திருந்தேன். இருபது பேர் இருப்பார்கள். அவர் என்னைக் காட்டி மெதுவாகச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்று காலையில் நாங்கள் பேசி வைத்திருந்தோம். இவங்க என் மனைவி, இவங்களைப் படம் எடுத்துக்குங்க. ஊருக்குப் போனதும் எல்லார்கிட்டயும் காட்டுங்க. இந்த மூஞ்சியையும் இந்தக் கையையும் யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா, அவங்க வீட்டுல எங்க பொண்ணு இருப்பா.

கேமராக்கள் எழுந்தன. முன்னால் நின்ற ஒரு பெரியவர் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் சிரிக்கச் சொல்றார்" என்றார் அவர்.

"சிரிச்சா எப்படிங்க அடையாளம் தெரியும்? நான் சிரிச்சு அவங்க யாரும் பாத்ததில்லையே."

கதவோரம் அவள் சாய்ந்து நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றேன். அவள் உயரத்துக்குக் கையை இறக்கி, விரலை விரித்து நீட்டினேன். கையின் அந்தப் பக்கம் வெறும் கதவு. கண்ணை உருட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கூப்பிடாமலே ஓடிவந்த கோபம்தான்.

"கோபமா பாரும்மா" என்றார் அவர், குடைக்கு அடியிலிருந்து. "ஒரே ஒரு நிமிஷம்."

இருபது பேரும் கேமராவைக் கண்ணில் வைத்தபடி காத்திருந்தார்கள். நுரை மணிக்கட்டிலிருந்து வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கோபம் வரவே இல்லை.