ஐந்தாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே

அம்மாவின் வேலைச் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுவேன். திருகாணி கிடைக்கும், எண்ணெய்த் துணி கிடைக்கும். அன்று ஒரு அட்டை கிடைத்தது. அம்மாவின் கையெழுத்து. எங்கள் முகவரி, என் போன் நம்பர், கீழே ஒரு வரி: 'இவன் உன் அண்ணன். ஏழு வயதுதான். அடிக்காதே.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கே பதினைந்து. அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அப்பாவோடு வெளிநாடு போனவன், பதினோரு வருஷமாக ஒரு போன்கூடப் போடாத புண்ணியவான் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் நாள் தவறாமல் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். அவள் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தின் பழைய லிஃப்டை அன்று பன்னிரண்டு மணிக்குக் கழற்றப் போகிறார்கள். ஓட்டமும் நடையுமாக நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அம்மா தனியாக உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். இடுக்கில் புகுந்துவிட்டேன்.

"இறங்குடி."

"அண்ணன் எங்கம்மா?" அட்டையை நீட்டினேன். அவளுக்கு முகம் செத்துப்போனது.

"அரை மணிதான் இருக்கு, சீக்கிரம் பாத்துட்டு இறங்குங்க," என்று வெளியே ஒரு ஆள் குரல் கொடுத்தார். அம்மா என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே நிறுத்தினாள். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கதவு திறந்தது.

கண்ணுக்கெட்டியவரை நீண்ட நடைக்கூடம். இரண்டு பக்கமும் லிஃப்ட் கதவுகள், நூற்றுக்கணக்கில். அவற்றின் மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். ஒரு தபால்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு நர்ஸோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். இன்னும் பலர் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள்; யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பொடியன் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

"லீவுன்னு வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. நான் மேல ஏறி ரிப்பேர் பாத்தப்போ இவன் இங்க இறங்கிட்டான். நான் கவனிக்காம கீழ போயிட்டேன். இங்க யாருக்கும் வயசாகாது. இவனுக்கு இது இன்னும் அதே நாள்தான்."

"திரும்பி வந்து கூட்டிட்டுப் போகவேண்டியதுதானே?"

"எத்தனை பேர் வந்தோமோ அத்தனை பேர்தான் போகலாம். ஒரு ஆள் கூடினாலும் மணி அடிக்கும், லிஃப்ட் நகராது. லிஃப்டைக் கழட்டிட்டா இந்தக் கதவும் போச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அதனால நீ இங்கயே இருந்துடப் போறே."

"அப்போ உனக்கு நாலு வயசு, விட்டுட்டு வர முடியல. இவன் கையில கொடுத்தனுப்பத்தான் அந்த அட்டை. இப்போ சித்திகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்துடுவா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விடுவியா?"

விடமாட்டேன்தான். இரண்டு பேரையும் தரதரவென்று இழுத்து லிஃப்டுக்குள் போட்டேன். மணி காதைக் கிழித்தது. மறுபடி மறுபடி பொத்தானைக் குத்தினேன். லிஃப்ட் அசையவில்லை. நானே இறங்கினேன், மணி நின்றது. அம்மா பாய்ந்து வந்து என்னை உள்ளே தள்ளிவிட்டுத் தான் வெளியே நின்றுகொண்டாள்.

கதவு மூட வந்தது. நடுவில் காலை வைத்தேன். கால் இருக்கும்வரை அது மூடாது. கீழே இரும்பைத் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

காலை எடு என்று அம்மா சொல்லவில்லை. "பால் குடிக்கமாட்டான். கதை சொல்லி ஏமாத்திக் கொடு," என்றாள்.

"அம்மா வரலியா?" என்றான் அவன்.

"நீ முன்னாடி போடா கண்ணு."

அம்மா இல்லாத வீட்டை நினைத்தேன். பக்கத்தில் அவன் அவள் கையைத் தேடி விரலை நீட்டிக்கொண்டே இருந்தான்.

"உன்னை ஒருநாளும் மன்னிக்கமாட்டேன்," என்றேன்.

"சரிடி," என்றாள் அம்மா.

காலை எடுத்தேன்.

லிஃப்ட் இறங்கியது. அவன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, சீக்கிரம் போலாமா? வீட்ல என் தங்கச்சி இருக்கா. அம்மா இல்லேன்னா ரொம்ப அழுவா."

"அழுதுட்டுதாண்ணா இருக்கா," என்றேன்.