நான்கு அங்குலக் கோணல்

என் தம்பிக்கு வீட்டில் குத்துமதிப்பு என்று பெயர். நான் வைத்ததுதான். நான் தையல்காரி, கால் அங்குலம் தப்பினால் ஒரு சட்டையே பாழ். அவனோ டேப்பைத் தொடவே மாட்டான். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு "வரும்க்கா" என்பான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் பார்த்து அவன் செய்த, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர்தான் இந்த ஒரு மாதமாக என் உயிரை வாங்கியது.

இருபது வருடம் வீட்டு நடையில், போகிறவர் வருகிறவர் காலுக்கெல்லாம் ஒதுங்கி உட்கார்ந்து தைத்தவளுக்கு ஒரு கடை கிடைத்திருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சாமானோடு வந்தால் சாவி எனக்கு, இல்லையென்றால் காத்திருக்கும் செல்போன் கடைக்காரருக்கு என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். கடை இருந்த சந்தில் லாரி நுழையாது. என் பதினோரடி வெட்டு மேசை வேனுக்குள் நுழையாது. மிச்சம் இருந்தது, என் வீட்டுப் பின்பக்கம் மூன்று வருடமாக மழையில் கிடந்த குத்துமதிப்பின் படைப்பு.

பழைய கட்டில் சட்டம், உடைசலுக்குப் போன ஏதோ காரின் அச்சு, யார் வீட்டுக் கதவோ தெரியாத பலகை. பத்து போல்ட்டுக்குப் பத்து ஸ்பானர் தேவைப்பட்டது. துருவைச் சுரண்டிச் சுரண்டி என் விரல் ரேகையே போய்விட்டது. சக்கரத்துக்குள் பேரிங் இருந்த இடத்தில் காப்பிப் பொடி நிறத்தில் ஏதோ கொட்டியது. "இதையெல்லாம் ஒரு மனுஷன் செய்வானா?" என்று தனியாகக் கத்தினேன். பலகை மாற்றி, புது பேரிங் போட்டு, கிரீஸ் அப்பி, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம்தான் அந்தக் கோணல் கண்ணில் பட்டது. காரின் பின்கொக்கியில் மாட்டுவதற்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம் நடுவில் இல்லை. டேப் வைத்தேன். இடது பக்கம் நான்கு அங்குலம் தள்ளி.

வெல்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துத் தாடையைச் சொறிந்தார்.

"டெய்லரம்மா, இது தெரியாம வச்சது மாதிரி இல்லீங்க. ஒருவார்த்தை தம்பியக் கேட்டுருங்களேன்."

"அவனையா? அவன் பொறந்ததே குத்துமதிப்பாத்தான். நீங்க வெட்டி நடுவுல வைங்கண்ணே."

வெட்டி நடுவில் வைத்தார். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

சனிக்கிழமை காலை தம்பி காரோடு வந்தான். அப்பா ஓட்டிப் பழசாக்கிக் கொடுத்த கார். டிரெய்லரைப் பார்த்தவன் சட்டத்தருகே உட்கார்ந்தான்.

"யாருக்கா இத நடுவுல வச்சது?"

"நான்தான். பன்னெண்டு வருஷமா ஒருத்தருக்கும் தோணல."

பிடரியைத் தடவினான். "சரி, ஏத்து" என்றான். அவ்வளவுதான்.

கிளம்பும்போது அப்பாவிடமிருந்து அவனுக்குப் போன். வழக்கம்போல "பாத்து ரிவர்ஸ் எடு" என்று முடித்தார். அவனோடு பேசினால் அப்பா அப்படித்தான் முடிப்பார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதை நினைக்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

சந்து முனையில் இரண்டு இரும்புத் தூண்கள். அவற்றை முந்தின வாரமே அளந்திருந்தேன். காரும் டிரெய்லரும் ஒரே அகலம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம். கார் நுழைந்தது. பின்னால் கிறீச் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், டிரெய்லரின் இடது மட்கார்டு தூணில் முட்டி நிற்கிறது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

டேப்பை எடுத்தேன். டிரெய்லர் இடப்பக்கம் நான்கு அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது. காரின் அடியில் குனிந்தேன். கொக்கியும் நடுவில் இல்லை. அதே நான்கு அங்குலம், அதே இடது பக்கம்.

"கொக்கியையும் கோணலாவாடா வச்ச? காலையிலயே பாத்துட்டு இடிச்ச புளி மாதிரி ஏண்டா இருந்த?"

"சந்து இவ்வளவு ஒடுக்கம்னு தெரியாதுக்கா. கோணல்னு வைக்கல. காருக்கு வலது பக்கம் அடிச்சட்டம் மடங்கியிருக்கு. அங்க போல்ட் பிடிக்காது. அதான் கொக்கியத் தள்ளி வச்சு, அதுக்குத் தக்கன டிரெய்லரையும் தள்ளி வச்சேன்."

"எப்படி மடங்குச்சு?"

அவன் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்தான்.

அந்தக் காரில் வண்டி பழகியது நான். பின்னால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதியது நான். சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தபோது, "நான்தாம்ப்பா" என்று சொன்னது இவன். ஒரு வருடம் இவன் கையில் சாவி கொடுக்கவில்லை அப்பா. ஏதோ தட்டி நிமிர்த்தியிருப்பான் என்று நானும் மறந்தே போனேன். என் தப்பை அளவெடுத்து அவன் வைத்த சட்டத்தைத்தான் கோணல் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அப்புறமா அழுதுக்கலாம்க்கா. கழட்டித் தள்ளுவோம்" என்றான்.

டிரெய்லரைக் கழற்றினோம். காரை அவன் கடையைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தான். அவன் சட்டத்தைத் தூக்கி இழுக்க, நான் பின்னால் தள்ளினேன். தூண்களுக்கு நடுவே ஒரு கீறல் இல்லாமல் நுழைந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "பேரிங் நல்லா ஓடுதுக்கா" என்றான்.

கடை வாசலில் கட்டடக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம். சாவி என் கைக்கு வந்தது.

மேசையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயம் புரிந்ததும் தம்பி "வேணாம்க்கா, விடு" என்று கையை ஆட்டினான். விடவில்லை.

"அப்பா, அந்தத் தொட்டிச் சுவத்துல கார மோதினது நான். அவன் இல்ல."



"அவங்கிட்டக் குடு" என்றார்.

தம்பி கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். "ம்" என்றான். "ம், சரிப்பா" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"என்னடா சொன்னார்?"

"உன்னத்தான் இனிமே பாத்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்."