ஐந்தாம் வரியில் ஒரு புள்ளி

அந்தக் குர்ஆன் ஏட்டில் ஒரு புள்ளிகூடக் கிடையாது, ஆகவே அது மிகப் பழையது என்பது பேராசிரியரின் வாதம். அரபியில் பல எழுத்துகளுக்கு வடிவம் ஒன்றுதான். மேலும் கீழும் வைக்கும் புள்ளிதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். மனப்பாடமாக ஓதுகிறவருக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் ஓதல் மாறாது. சண்டையெல்லாம் ஏட்டின் வயதைப் பற்றித்தான். ஆரம்ப காலத்திலேயே புள்ளி வைத்து எழுதியவர்கள் உண்டு, நரையை வைத்துப் பிறந்த தேதி சொல்லலாமா என்று எதிரணியினர் கேலி செய்தார்கள்.

நூலகத்தில் அந்தத் தோல் ஏட்டைப் பராமரித்தவள் பேராசிரியரின் மைத்துனி, மனைவியின் தங்கை. அவர் இந்த வாதத்தை முன்வைக்கவிருந்த கருத்தரங்குக்கு நான்கு நாள் இருக்கும்போது, அலமாரியை ஒழித்தவளுக்குப் பத்து வருடப் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் வரியில் ஓர் எழுத்தின் தலைமேல் எள்ளளவு பழுப்புப் புள்ளி. ஏட்டை எடுத்துப் பார்த்தாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

வாசகர் பதிவேட்டைப் புரட்டினாள். ஏட்டைப் பார்த்தவர்களில் அத்தானின் கையெழுத்து மட்டும் ஒன்பது இடத்தில். பென்சில் சீவ அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் சோற்றைப் பிசைந்தபடியே, அந்த ஏட்டுக்குப் பழைய போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டாள். நேராகத் தலைமை நூலகரிடம் போய்ப் படத்தைக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் துறை முழுக்கக் கிசுகிசு. பேராசிரியர் இனி அந்த ஏட்டைத் தனியாகப் பார்க்கக்கூடாது என்று உத்தரவாயிற்று.

அவர் அவளுடைய அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நான் சுரண்டிட்டேன்னு சொன்னியாமே?"

"அப்படிச் சொல்லலை அத்தான். போட்டோவைக் குடுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் கேட்டப்பவே காட்டியிருக்கலாம்ல?"

"ஏன் கேக்குறீங்கன்னு சந்தேகமா இருந்துச்சு."

"சரிபார்க்கத்தான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குரலில் கோபத்தைவிட அசதிதான் இருந்தது. அதையும் நடிப்பென்றே நினைத்தாள். குற்றத்தை உறுதி செய்ய, ஏட்டின் பராமரிப்புக் குறிப்புகளை வரவழைத்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய தாளில் இருந்தது அவளுடைய சொந்தக் கையெழுத்து: 'ஐந்தாம் வரி. ஈ எச்சம். ஈரப் பஞ்சால் அகற்றப்பட்டது.'

பதிவேட்டில் வாசகர் பெயர்தான் ஏறும். ஊழியர் பெயர் ஏறாது. தன்னையே அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. ஈ எச்சம்தானா, அல்லது ஆயிரத்துச் சொச்சம் வருடத்து மையா? பஞ்சு அன்றைக்கே குப்பைக்குப் போயிருந்தது. அந்தத் தாளைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கருத்தரங்கில், அத்தான் பேச எழுவதற்கு முன் அவள் எழுந்து அதை வாசித்தாள். எதிரணியில் ஒருவர் கேட்டார்: "ஈயா, மையா?"

"தெரியலை. அன்னைக்கு ஈன்னு நினைச்சேன். லென்ஸ் வச்சுப் பார்த்தேனான்னு ஞாபகம் இல்லை."

அத்தான் பேனாவை எடுத்து, தன் கட்டுரையில் 'ஒரு புள்ளிகூடக் கிடையாது' என்ற வரியை அடித்துவிட்டு, 'ஓரிடம் ஐயத்துக்குரியது' என்று எழுதிக்கொண்டார். அதோடு வாதத்தின் உயிர்நாடி போயிற்று. ஏட்டின் வயது முடிவாகவில்லை.

ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"அவர் மேல சந்தேகப்பட்டதைக்கூட விடு. இத்தனை வருஷமா கூட இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?"

அவளைத் தோல் ஏடுகளிலிருந்து காகிதப் பிரிவுக்கு மாற்றினார்கள். பேராசிரியர் மீதிருந்த உத்தரவு ரத்தானது. ஆனாலும் அவர் நூலகத்துக்கு வந்தால், பக்கத்தில் ஓர் ஊழியர் உட்கார வேண்டும் என்று தானே கேட்டுக்கொள்கிறார். அந்த ஊழியர் அவளாக இருக்கக்கூடாது என்றும்.